உடம்பில் சுண்ணாம்பு படிவது ஏன்?



இந்த மாதச் சுவர் இதழுக்கு அறிவியல் பகுதி எழுதும் வாய்ப்பு எனக்குக் கிடைத்திருக்கிறது. "புத்தகத்துல இருக்கறதையே பார்த்து எழுதாத, நம்ம ஊருக்கு ஆகற மாதிரி எழுது" என்று அறிவியல் சார் சொன்னார். எங்கள் வீட்டில் சில மாதங்களாக ஒரு பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. அதையே தலைப்பாக எடுத்துக்கொண்டேன்.

எங்க அம்மாயிக்கு வலது கையைத் தோளுக்கு மேல் தூக்க முடியவில்லை. எக்ஸ்ரே எடுத்ததில் தோள்பட்டையில் கால்சியம் படிந்திருப்பது தெரிந்தது. உடனே அக்கம்பக்கத்தில் எல்லோரும் ஒரே மாதிரி சொன்னார்கள்: "உடம்புல சுண்ணாம்பு ஏறிப்போச்சு. ராகிக்களி, பால், முருங்கைக்கீரை எல்லாத்தையும் நிறுத்துங்க. உப்புத்தண்ணி குடிச்சதுதான் காரணம்." அம்மாயியும் களியை நிறுத்திவிட்டார்கள். இது சரிதானா என்று சாரிடமும், பின்பு மருத்துவரிடமும் கேட்டுத் தெரிந்துகொண்டதும், நூலகத்தில் படித்ததும் கீழே இருக்கிறது.

முதலில் ஒரு கணக்கு

பெரியவர் ஒருவர் உடம்பில் சுமார் 1 கிலோ கால்சியம் இருக்கிறது. அதில் 99 சதவீதம் எலும்பிலும் பல்லிலும் இருக்கிறது. மீதி 1 சதவீதம், அதாவது ஏறக்குறைய 10 கிராம்தான், இரத்தத்திலும் தசையிலும் மற்ற இடங்களிலும் உள்ளது. அந்தக் கொஞ்சம் இல்லாவிட்டால் இதயம் துடிக்காது, தசை சுருங்காது, வெட்டுப்பட்டால் இரத்தம் உறையாது.

100 மில்லி இரத்தத்தில் சுமார் 9 முதல் 10.5 மில்லிகிராம் கால்சியம் இருக்கும். நாம் ஒரு நாள் இரண்டு டம்ளர் பால் குடித்தாலும் சரி, ஒரு நாள் பட்டினி கிடந்தாலும் சரி, இந்த அளவு பெரிதாக மாறாது. கழுத்தில் தைராய்டு சுரப்பிக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் பாராதைராய்டு சுரப்பிகள் காவல் காக்கின்றன. குறைந்தால் எலும்பிலிருந்து எடுத்துக் கொடுக்கும். சாப்பாட்டில் கூடுதலாக வந்தால் குடல் குறைவாக உறிஞ்சும், மிச்சத்தைச் சிறுநீரகம் வெளியே அனுப்பிவிடும்.

ஆகவே களி சாப்பிட்ட கால்சியம் நேராகப் போய்த் தோளில் உட்கார்ந்துகொள்வதில்லை. கால்சியம் தவறான இடத்தில் படிகிறது என்றால், அந்த இடத்தில் வேறு ஏதோ கோளாறு நடந்திருக்கிறது என்று பொருள். அது என்ன என்று கேட்பதுதான் சரியான கேள்வி. நான் தெரிந்துகொண்ட சில காரணங்களைச் சொல்கிறேன்.

1. தோள்பட்டை

தசையை எலும்போடு கட்டி வைத்திருக்கும் கயிறு போன்ற பகுதிக்குத் தசைநாண் என்று பெயர். தோளில் உள்ள தசைநாணில் நடுத்தர வயதுக்காரர்களுக்கு, அதிலும் பெண்களுக்குக் கொஞ்சம் கூடுதலாக, கால்சியம் படிவதுண்டு. இது சாப்பாட்டால் வருவதில்லை. பல பேருக்கு உடம்பே அதை மெல்ல மெல்லக் கரைத்துவிடும். அம்மாயிக்கு இருந்தது இதுதான் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். சில பயிற்சிகள் சொல்லிக் கொடுத்தார். "களியை ஏன் நிறுத்தினீங்க? எலும்புக்கு அதுதானே வேணும்" என்று கேட்டாராம்.

2. அடிபட்ட தசை (கபடி அணியினர் கவனிக்க)

தொடையில் முட்டி பலமாக இடித்து இரத்தம் கட்டிக்கொண்டால், சில சமயம் அந்தத் தசைக்குள்ளேயே எலும்பு மாதிரி உருவாகிவிடும். இரண்டு மூன்று வாரத்தில் அந்த வீக்கம் கல் மாதிரி கெட்டியாகும், முட்டியை மடக்க முடியாது. முழங்கையில் அடிபட்டாலும் இது வரலாம். அடிபட்ட உடனே எண்ணெய் போட்டு அழுத்தி உருவினாலும், வலிக்க வலிக்க மடக்கி நீட்டினாலும் இது வரும் வாய்ப்பு கூடுகிறது. நம்ம பக்கம் அடிபட்டால் முதலில் செய்வதே உருவி விடுவதுதான். அதனால் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: துணியில் சுற்றிய ஐஸ் கட்டி, ஓய்வு, வீக்கம் குறையாவிட்டால் மருத்துவர். உருவக் கூடாது.

3. சிறுநீரகமும் மாத்திரையும்

சிறுநீரகம் பழுதானவர்களுக்கும், பாராதைராய்டு சுரப்பி அதிகமாக வேலை செய்பவர்களுக்கும், வைட்டமின் டி மாத்திரையை யாரையும் கேட்காமல் அளவுக்கு மேல் சாப்பிடுபவர்களுக்கும் இரத்தத்தில் உப்புக்களின் கணக்கே தவறிவிடும். அப்போது இரத்தக் குழாயிலும் தோலடியிலும் கூட கால்சியம் படியலாம். இவர்கள் மட்டும் எதைச் சாப்பிடலாம், எதை நிறுத்தலாம் என்பதை மருத்துவர் சொல்கிறபடி நடக்க வேண்டும்.

4. நம்ம ஊர்த் தண்ணீர்

இந்தப் பகுதியைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் இது நம் மாவட்டங்களின் கதை.

1930களில் அப்போதைய சென்னை மாகாணத்து நெல்லூர் மாவட்டத்தில் உழவர்கள் ஒன்றைக் கவனித்தார்கள். நல்ல வயதில் இருக்கும் உழவு மாடுகள் மூட்டு விறைத்து நடக்க முடியாமல் போயின. பிறகு மனிதர்களுக்கும் அதே மாதிரி வந்தது. முதுகு வளையவில்லை, கழுத்து திரும்பவில்லை, கையை முழுசாக நீட்ட முடியவில்லை. சென்னை கிண்டியில் இருக்கும் கிங் நிலையத்தைச் சேர்ந்த எச்.இ. ஷார்ட், அவருடன் பணியாற்றிய சி.ஜி. பண்டிட், இராகவாச்சாரி ஆகியோர் இதை ஆராய்ந்து 1937இல் கட்டுரை வெளியிட்டார்கள். காரணம் கிணற்றுத் தண்ணீரில் கரைந்திருந்த புளோரைடு. இந்தியாவில் புளோரோசிஸ் என்ற நோய் முதலில் இப்படித்தான் வெளிச்சத்துக்கு வந்தது. (மலேரியாக் கிருமி இரத்தத்துக்கு வரும் முன் கல்லீரலில் வளர்கிறது என்று 1948இல் இன்னொரு விஞ்ஞானியோடு சேர்ந்து கண்டுபிடித்தவரும் இதே ஷார்ட்தான்.)

இதற்கும் கால்சியத்துக்கும் என்ன சம்பந்தம்? எலும்பு என்பது கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்த படிகம். புளோரைடு அந்தப் படிகத்துக்குள் புகுந்து இடம் பிடித்துக்கொள்ளும். எலும்பை உண்டாக்கும் செல்களையும் அது தூண்டிவிடும். பல வருடம் இப்படியே போனால் எலும்பு தடித்து, எலும்பையும் எலும்பையும் சேர்த்துக் கட்டியிருக்கும் நார்களிலும், தசைநாண்களிலும் கால்சியம் படிய ஆரம்பிக்கும். ரப்பர் மாதிரி இழுபட வேண்டிய நார் குச்சி மாதிரி ஆகிவிடும். முன்கையில் இரண்டு எலும்புகளுக்கும் நடுவில் ஒரு மெல்லிய சவ்வு உண்டு. எக்ஸ்ரேயில் அந்தச் சவ்வில் கால்சியம் படிந்திருப்பது தெரிந்தால் அதை மருத்துவர்கள் முக்கியமான அடையாளமாக வைத்திருக்கிறார்கள். முற்றிய நிலையில் முதுகெலும்பு முழுவதும் ஒரே கம்பி போல இறுகிவிடும்.

தண்ணீருக்குள் புளோரைடு எப்படி வந்தது?

நாமக்கல் மலைக்கோட்டை நிற்கும் பாறையைப் பார்த்திருப்பீர்கள். அந்த மாதிரி கெட்டிப் பாறைதான் நம் மண்ணுக்கு அடியிலும் இருக்கிறது. அதில் பளபளவென்று மின்னும் கருப்புக் காக்காய்ப்பொன் முதலிய கனிமங்களில் புளோரைடு உள்ளது. மழை நீர் பாறை இடுக்குகளில் இறங்கி, வருடக்கணக்கில் தேங்கி நிற்கும்போது அது கொஞ்சம் கொஞ்சமாகக் கரைகிறது.

அப்பாரு காலத்தில் 40, 50 அடிக் கிணற்றில் கவலை ஓட்டினார்கள். அது பெரும்பாலும் அந்தந்த வருட மழைத் தண்ணீர். இன்றைக்குக் கிணறுகள் வறண்டு, 600 அடி, 1000 அடி என்று போர் போடுகிறோம். நம்ம திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் இந்தியா முழுக்கப் போய் போர் போடுகின்றன, ஆப்பிரிக்கா வரைக்கும் போகின்றன. அது நமக்குப் பெருமைதான். ஆனால் ஆழம் கூடக்கூட, பாறையோடு நீண்ட நாள் உறவாடிய தண்ணீர் நம் குடத்துக்கு வர வாய்ப்பு இருக்கிறது என்பதையும் சேர்த்து நினைக்க வேண்டும்.

தர்மபுரி, கிருஷ்ணகிரி, சேலம், நாமக்கல், ஈரோடு, கரூர், திண்டுக்கல் ஆகிய மாவட்டங்களில் பல இடங்களில் நிலத்தடி நீரில் புளோரைடு கூடுதலாக உள்ளது. இதில் முதல் நான்கும் ஒரு காலத்தில் ஒரே சேலம் மாவட்டம். தர்மபுரி 1965இல் பிரிந்தது, நாமக்கல் 1997இல் பிரிந்தது, தர்மபுரியிலிருந்து கிருஷ்ணகிரி 2004இல் பிரிந்தது. மாவட்டம் பிரிந்தாலும் பாறை பிரியவில்லை.

எவ்வளவு இருந்தால் ஆபத்து?

இந்தியத் தர நிர்ணயப்படி ஒரு லிட்டர் குடிநீரில் 1 மில்லிகிராம் வரை இருக்கலாம். வேறு தண்ணீரே கிடைக்காவிட்டால் 1.5 வரை பொறுத்துக்கொள்ளலாம். உலக சுகாதார நிறுவனமும் 1.5 என்றே சொல்கிறது. அதற்கு மேல் போனால் பல்லில் கறை தெரியும். 3 முதல் 6 மில்லிகிராம் உள்ள தண்ணீரைப் பல வருடம் குடித்தால் எலும்பில் மாற்றம் தெரியலாம். 10க்கு மேல் போனால் ஆளை முடக்கும்.

1 மில்லிகிராம் எவ்வளவு சின்ன அளவு? 12,000 லிட்டர் பிடிக்கும் டேங்கர் லாரித் தண்ணீரில் லிட்டருக்கு 3 மில்லிகிராம் இருந்தால், லாரி முழுவதிலும் இருப்பது 36 கிராம்தான். ஒரு கைப்பிடி உப்பு அளவு. ஆனால் வெயிலில் காட்டு வேலை செய்பவர் ஒரு நாளைக்கு 5 லிட்டர் குடித்தால் அவர் உடம்புக்குள் தினமும் 15 மில்லிகிராம் போகிறது. சிறுநீரில் ஒரு பங்கு வெளியேறும், மீதி எலும்பில் சேரும். அதனால்தான் கஷ்டப்பட்டு உழைப்பவர்களுக்கு இந்த நோய் முந்திக்கொள்கிறது.

நாக்கை நம்பாதீர்கள்

"உப்புத்தண்ணி கெட்டது, சப்பைத்தண்ணி நல்லது" என்பதும், "பருப்பு வேகுதா பாரு, வெந்தா நல்ல தண்ணி" என்பதும் நம்ம பக்கத்துப் பேச்சு. பாத்திரத்தில் வெள்ளையாகப் படிகிற உப்புத்தண்ணியில் கால்சியம் உப்புகள் அதிகம். பருப்பு வேகாததற்கும் சோப்பு நுரைக்காததற்கும் அதுதான் காரணம். ஆனால் கால்சியம் நிறைய இருக்கும் தண்ணீரில் புளோரைடு அதிகம் கரைந்து நிற்க முடியாது, கால்சியத்தோடு சேர்ந்து படிந்துவிடும். கால்சியம் குறைந்து சோடியமும் பைகார்பனேட்டும் கூடிய தண்ணீரில்தான் பெரும்பாலும் புளோரைடு கூடுகிறது. அந்தத் தண்ணீரில் பருப்பு நன்றாக வேகும், சோப்பும் நுரைக்கும்! இதைப் படித்தபோது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. புளோரைடுக்கு நிறமில்லை, மணமில்லை, அந்த அளவில் சுவையும் இல்லை. சோதித்துப் பார்த்தால்தான் தெரியும்.

சங்ககிரியில் சுண்ணாம்புக்கல் இருக்கிறது, அதனால் நம் உடம்பில் சுண்ணாம்பு ஏறுகிறது என்றும் சிலர் சொல்கிறார்கள். ஏற்காடு அடிவாரத்து வெள்ளைக்கல்லையும் காட்டுவார்கள். அது சுண்ணாம்பே கிடையாது, மாக்னசைட். இரண்டுக்கும் இந்த நோய்க்கும் சம்பந்தம் இல்லை.

சுண்ணாம்புச் சத்து நண்பனா, எதிரியா?

நண்பன்தான். சாப்பாட்டில் போதுமான கால்சியம் இருந்தால், அது குடலிலேயே புளோரைடைப் பிடித்துக்கொண்டு ஒரு பகுதியை வெளியே இழுத்துப் போய்விடும். கால்சியம் குறைவாகச் சாப்பிடுபவர்களுக்கே புளோரோசிஸ் கடுமையாக வருகிறது. ஆகவே "சுண்ணாம்பு ஏறிப்போச்சு" என்று களியையும் பாலையும் நிறுத்துவது, திருடனை விட்டுவிட்டுக் காவல்காரரைப் பிடித்து உள்ளே போடுவது மாதிரி.

100 கிராம் ராகியில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது. முருங்கைக்கீரையிலும் அப்படியே. 100 மில்லி பாலில் சுமார் 120. (முட்டைக்குப் பேர் போன நாமக்கல்லில் ஒரு செய்தி: முட்டையின் கால்சியம் பெரும்பாலும் ஓட்டில்தான் இருக்கிறது, உள்ளே குறைவு. முட்டை புரதத்துக்காகச் சாப்பிட வேண்டியது.) வைட்டமின் சி உள்ள நெல்லிக்காய், கொய்யாவும் நல்லது. புளியைப் பற்றியும் ஒரு ஆராய்ச்சி உண்டு. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தார் பள்ளி மாணவர்களுக்குத் தினமும் 10 கிராம் புளி கொடுத்துப் பார்த்தார்கள். சிறுநீரில் புளோரைடு கூடுதலாக வெளியேறியது என்று 2002இல் எழுதினார்கள். அதற்காக ரசம் குடித்தால் நோய் போய்விடும் என்று யாரும் எண்ண வேண்டாம். தண்ணீரை மாற்றுவதுதான் முதல் மருந்து.

நீங்களே செய்து பார்க்க மூன்று சோதனைகள்

புளோரோசிஸ் தடுப்புக்கான தேசியத் திட்டம் 2008-09இல் தொடங்கியது. அதில் சொல்லப்படும் எளிய சோதனைகள் இவை. வீட்டுப் பெரியவர்களைச் செய்யச் சொல்லுங்கள்.

1. முட்டியை மடக்காமல் குனிந்து தரையில் கிடக்கும் காசை எடுக்க முடிகிறதா?
2. வாயை மூடியபடி தாடையை நெஞ்சில் தொட முடிகிறதா?
3. இரண்டு கையையும் பக்கவாட்டில் நீட்டி, பிறகு மடக்கிப் பின்னந்தலையைத் தொட முடிகிறதா?

முடியவில்லை என்றால் உடனே புளோரோசிஸ் என்று பயந்துவிடக் கூடாது. வயது, மூட்டுத் தேய்மானம், சர்க்கரை நோயால் வரும் தோள் இறுக்கம் என்று எத்தனையோ காரணம் இருக்கலாம். மருத்துவரிடம் போகும்போது "நாங்க இத்தனை வருஷமா போர் தண்ணி குடிக்கிறோம்" என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அது அவருக்கு உதவும்.

என்ன செய்யலாம்?

காய்ச்சினால் கிருமி சாகும், புளோரைடு போகாது. தண்ணீர் சுண்டுவதால் கொஞ்சம் கூடத்தான் செய்யும். துணியில் வடிகட்டினாலும் போகாது. ஆர்.ஓ. இயந்திரம் குறைக்கும். நாக்பூர் நீரி நிறுவனம் உருவாக்கிய நல்கொண்டா முறை என்று ஒன்று உண்டு. படிகாரம், சுண்ணாம்பு, பிளீச்சிங் பவுடர் ஆகியவற்றைக் கணக்காகச் சேர்த்துக் கலக்கித் தெளிய வைப்பது. தண்ணீரைச் சுத்தம் செய்யவும் சுண்ணாம்புதான் கைகொடுக்கிறது பாருங்கள்! ஆனால் அளவு தெரியாமல் வீட்டில் செய்து பார்க்கக் கூடாது.

ஆற்றுத் தண்ணீரிலும் மழைத் தண்ணீரிலும் புளோரைடு மிகக் குறைவு. இதற்காகவே தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்கு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் ஜப்பான் கடனுதவியோடு வந்தது. 2008இல் அடிக்கல் நாட்டி, 2013இல் தொடங்கி வைத்தார்கள். அதன் பெயரிலேயே "புளோரோசிஸ் பாதிப்பு குறைப்புத் திட்டம்" என்று சேர்த்திருக்கிறார்கள். நமக்கும் மேட்டூர்க் காவிரித் தண்ணீர் பல ஊர்களுக்குக் குழாயில் வருகிறது. ஆனால் பல வீடுகளில் என்ன நடக்கிறது? காவிரித் தண்ணி சில நாளைக்கு ஒரு முறை வருவதால், அதையும் போர் தண்ணியையும் ஒரே தொட்டியில் விட்டுவிடுகிறோம். அப்படிச் செய்யாமல் இரண்டையும் தனித்தனியாக வைக்க வேண்டும். குடிக்க, சோறு பொங்க, குழம்பு வைக்க, டீ போட ஆற்றுத் தண்ணீர். குளிக்க, துவைக்க, மாட்டுத் தொழுவம் கழுவ போர் தண்ணீர். சோறு தண்ணீரை உறிஞ்சிக்கொள்வதால் சமையலுக்கும் நல்ல தண்ணீரே வேண்டும். மாட்டுக்கும் முடிந்தால் அதையே காட்டுங்கள். நெல்லூரில் முதலில் முடங்கியது மாடுகள்தானே?

தண்ணீரைச் சோதிக்க, மாவட்டத்தில் உள்ள குடிநீர் வடிகால் வாரியத்தின் பரிசோதனைக் கூடத்துக்கு ஒரு சுத்தமான பாட்டிலில் எடுத்துச் சென்று கொடுக்கலாம். எந்தப் போர், எத்தனை அடி என்று பாட்டில் மேல் எழுதி ஒட்ட மறக்காதீர்கள்.

நம் வகுப்புத் தோழர்களுக்காக

ஒன்றைச் சொல்லாமல் முடிக்க முடியாது. நம் பள்ளியிலேயே சிலருக்குப் பல்லில் வெள்ளைத் திட்டோ பழுப்புக் கோடோ இருக்கும். "பல்லே விளக்க மாட்டியா?" என்று கேலி செய்கிறார்கள். அதனால் சிரிக்கும்போது கையால் வாயை மூடிக்கொள்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்தக் கறை எத்தனை முறை விளக்கினாலும் போகாது. ஈறுக்குள் பல் உருவாகும் காலத்தில், அதாவது சுமார் எட்டு வயதுக்குள், புளோரைடு கூடிய தண்ணீரைக் குடித்ததால் பல்லுக்குள்ளேயே பதிந்த அடையாளம் அது. செங்கல் பொடியோ சாம்பலோ போட்டுத் தேய்த்தால் பல்தான் தேயும். பிற்காலத்தில் பல் மருத்துவரிடம் சென்று மேற்பூச்சுப் போட்டுக்கொள்ளலாம்.

நார்களில் கால்சியம் படிந்து இறுகிவிட்டால் பழைய நிலைக்குக் கொண்டுவர மருந்து இல்லை. தண்ணீரை முன்கூட்டியே மாற்றினால் ஆரம்ப வலி குறைகிறது, நோயும் முற்றுவதில்லை. முதுகு இறுகப் பல வருடம் ஆகும். பல்லில் கறை முதலிலேயே தெரிந்துவிடும். ஆகவே ஒரு தெருவில் நாலு பிள்ளைகளுக்குப் பல்லில் கறை இருந்தால், அந்தத் தெருத் தண்ணீரைச் சோதிக்க வேண்டும் என்று அந்தப் பற்கள் நமக்குச் சொல்கின்றன என்று பொருள். கேலி செய்வதை விட்டுவிட்டுப் பாட்டிலை எடுங்கள்.

வினா: மேலே உள்ளதைப் படித்தவர்கள் விடை எழுதி அறிவியல் சாரிடம் கொடுக்கவும்.
1. லிட்டருக்கு 2 மில்லிகிராம் புளோரைடு உள்ள தண்ணீரை ஒருவர் தினமும் 4 லிட்டர் குடித்தால் ஒரு வருடத்தில் எத்தனை கிராம் உடம்புக்குள் போகும்?
2. பருப்பு நன்றாக வேகும் தண்ணீர் எல்லாம் நல்ல தண்ணீரா? காரணம் கூறுக.



இப்படிக்கு,
பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு